கொலை வழக்கில் மகஜர் சாட்சியாக

தென் மாவட்டம் ஒன்றில் கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றியபோது, ஒரு கொலை வழக்கில் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரைக் கைது செய்ததற்கும் அவர் காட்டிய இடத்தில் கத்தியைக் கைப்பற்றியதற்கும் நான் சாட்சியாக இருந்தேன். கைப்பற்றியதை அந்த இடத்திலேயே எழுதிவைக்கும் ஆவணம்தான் மகஜர். 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது அவ்வழக்கு ஏற்கெனவே அமர்வு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்ததால், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302-ஆவது பிரிவில் பதிவான குற்றச்சாட்டு பழைய நடைமுறைச் சட்டத்தின்படியே விசாரித்து முடிக்கப்பட்டது.

காவல் ஆய்வாளர் அழைத்ததன்பேரில் நானும் கிராம உதவியாளரும் ஊருக்கு வெளியே இருந்த பேருந்து நிறுத்தத்துக்குச் சென்றோம். எங்கள் முன்னிலையில் கைது நடந்தது. எதிரி சொல்லச் சொல்லத் தலைமைக் காவலர் எழுதினார். முன்பகை எப்படி ஏற்பட்டது, எங்கே காத்திருந்தார், எத்தனை முறை குத்தினார், கத்தியை எங்கே ஒளித்தார் என்று வாக்குமூலம் பக்கம் பக்கமாக நீண்டது. அருகில் நின்று கேட்டவர் எவருக்கும் வழக்கு அத்துடன் முடிந்துவிட்டதாகவே தோன்றியிருக்கும். ஆனால் காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்றது அவ்வழக்குக்குப் பொருந்திய பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. அடித்து வாங்கிய வாக்குமூலத்தையும் தானாக வந்த வாக்குமூலத்தையும் பிரித்தறிய வழியில்லை என்ற நிலையில், இரண்டையும் சேர்த்தே ஒதுக்கிவைப்பதுதான் பாதுகாப்பானது என்பது என் கருத்தும்கூட. அதன் 27-ஆவது பிரிவு ஒரு சிறிய வாசலை மட்டும் திறந்து வைத்திருந்தது: காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஓர் உண்மை கண்டறியப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்கலாம்.

ஆகவே அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். எதிரி முன்னே நடந்து கண்மாய்க் கரைக்கு எங்களை அழைத்துச் சென்று, சீமைக் கருவேலம் புதருக்குள்ளிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தார். அந்த இடத்தின் புல எண்ணையும் நான்கு எல்லைகளையும் நானே சொன்னேன். அவை மகஜரில் எழுதப்பட்டன. கத்தியைக் காகிதத்தில் பொதிந்து முத்திரையிட்டு, ஒட்டிய சீட்டில் நாங்கள் இருவரும் கையெழுத்திட்டோம். பின்னர் ஆய்வாளர் என்னை விசாரித்து, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆவது பிரிவின்கீழ் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் என் கையெழுத்தைக் கேட்கவில்லை. காவலரிடம் சாட்சி சொன்னது எழுதப்பட்டால் அதில் சாட்சி கையெழுத்திடக் கூடாது என்பது அதே சட்டத்தின் 162-ஆவது பிரிவு. எங்கு பார்த்தாலும் கையெழுத்து கேட்கப்படும் வருவாய்த் துறையிலிருந்து வந்த எனக்கு அது விநோதமாக இருந்தது. அந்த ஏடு எனக்கு ஆதரவாக நிற்காது. கூண்டில் நான் மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்டவே பயன்படும்.

சம்மன் வருவதற்குள் எனக்கு இடமாறுதலே ஆகிவிட்டது. கூண்டில் அரசு வழக்கறிஞர் என்னிடம் நடத்திய முதல் விசாரணை விரைவாக முடிந்தது. வாக்குமூலத்தில் கத்தி இருக்கும் இடத்தைச் சொன்ன வரிகள் மட்டுமே அரசுத் தரப்புச் சான்றாவணமாகக் குறியிடப்பட்டன. ‘நான் குத்திய’ என்ற சொற்கள்கூட அதில் சேரவில்லை. புலுக்குரி கோட்டையா வழக்கில் 1946-இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வகுத்த எல்லை அதுதான். கத்தி இருந்த இடமும் அதை எதிரி அறிந்திருந்தார் என்பதும் கண்டறியப்பட்ட உண்மை. அதைக் கொண்டு யாரைக் குத்தினார் என்பது கண்டறியப்பட்டதல்ல.

குறுக்கு விசாரணை அப்படி விரைவாக முடியவில்லை. மகஜரை எழுதியது யார், எந்த வெளிச்சத்தில் எழுதினார், கரைக்கு ஆடு மாடு மேய்ப்பவர்கள் வருவார்களா, இதற்கு முன் எத்தனை வழக்குகளில் காவல்துறைக்குச் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள் என்று எதிரித் தரப்பு வழக்கறிஞர் நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனார். தலைமைக் காவலர் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன் என்றும், அது யாரும் வந்துபோகக்கூடிய பொது இடம்தான் என்றும் உள்ளதைச் சொன்னேன். இறுதியில் அவர் வைத்த கருத்துகளும் அவற்றுக்கு என் மறுப்பும் நீதிமன்றத் தமிழில் பதிவாயின: ‘காவல் நிலையத்தில் வைத்து எழுதாத தாளில் கையெழுத்திட்டேன் என்றால் சரியல்ல. அரசு ஊழியர் என்பதால் காவல்துறைக்கு உதவப் பொய்ச்சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.’ இந்தக் கேள்விகளில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. எதிரி காவலில் இருந்த அந்த வேளையில் காவலரல்லாதவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே என்னும்போது, எங்களை உரசிப் பார்க்காமல் அவர் வேறு யாரை உரசுவார்? தட்டச்சான சாட்சியத்தைப் படித்துக் காட்டியபோது கரையின் திசை மாறியிருந்ததைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னேன். பழைய நடைமுறைச் சட்டத்தின் 278-ஆவது பிரிவு சாட்சிக்கு அந்த வாய்ப்பைத் தந்தது. புதிதாகச் சாட்சி சொல்லப் போகிறவர்கள் அதை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம்.

நேரில் பார்த்ததாகச் சொன்னவர்கள் நீதிமன்றத்தில் அதை மறுத்துப் பிறழ் சாட்சிகளாயினர். கத்தியில் இருந்தது மனித இரத்தம் என்று ஆய்வறிக்கை சொன்னது, இரத்த வகையைக் கண்டறிய இயலவில்லை என்றும் சொன்னது. கைப்பற்றியது மெய்ப்பிக்கப்பட்டதாகத் தீர்ப்பில் இருந்தது. என் சாட்சியம் நம்பத்தக்கது என்றும் இருந்தது. ஆயினும் கத்தி இருந்த இடம் தெரிந்தவர் என்பதிலிருந்து கொன்றவர் என்பதற்குச் செல்ல இடையில் கண்ணிகள் இல்லை என்று கூறி, சந்தேகத்தின் பலனை அளித்து எதிரியை நீதிபதி விடுதலை செய்தார். கிடைத்த சாட்சியத்தை வைத்து வேறு தீர்ப்பு எழுதியிருக்க முடியும் என்று நான் கருதவில்லை.

இறந்தவரின் தம்பி, "அவனே எடுத்துக் கொடுத்ததை நீங்க பார்த்தீங்கல்ல ஐயா, அப்புறம் எப்படி விட்டாங்க?" என்று என்னிடம் கேட்டார். பார்த்தது எது, பார்க்காதது எது என்று இயன்றவரை விளக்கிவிட்டு, விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரின் குடும்பமே மேல்முறையீடு செய்யலாம் என்ற, பழைய நடைமுறைச் சட்டத்தின் 372-ஆவது பிரிவின் வரம்புரையை, அதாவது அப்பிரிவோடு சேர்த்த விதிவிலக்கு வாசகத்தைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாக்கல் செய்த மேல்முறையீடு இப்போது நிலுவையில் உள்ளது.