35 விழுக்காட்டுக் கோடு

மியன்மாரின் யாங்கூனில் உளுந்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் கணக்கெழுதுகிறேன். பங்குதாரர் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் என் விரல் முதலில் தேடுவது அயல்நாட்டார் பெயருக்கு நேரே உள்ள எண்ணைத்தான். பழைய 1914ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் ஒரே ஒரு பங்கு அயலாரிடம் இருந்தாலும் அது வெளிநாட்டுக் கம்பெனி. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய கம்பெனிச் சட்டமோ அயலார் பங்கு 35 விழுக்காடு வரை இருந்தாலும் அதை உள்ளூர்க் கம்பெனியாகவே கொள்கிறது. அதைத் தாண்டினால் அது வெளிநாட்டுக் கம்பெனி; அசையாச் சொத்துக் கைமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கம்பெனி நிலம் வாங்க முடியாது.

நிலத்தில் இந்த நாடு ஏன் இவ்வளவு கண்டிப்பு காட்டுகிறது என்பது தமிழர்களாகிய நமக்குத் தெரியாததல்ல. 1930களின் நெல் விலை வீழ்ச்சியில் கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் வயல்கள் செட்டியார்களின் வட்டிக்கடைகளான கிட்டங்கிகளுக்குக் கைமாறி, 1938 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு விளைநிலம் அவர்களிடம் இருந்தது. அப்படியொரு கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் முகவருக்கு அடுத்த நிலை உதவியாளராக, இருந்த என் பாட்டனார், அடமானத்தில் வந்த வயலை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை என்பார். இழந்தவனுக்கு அந்த வேறுபாடு ஆறுதலாகாது என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே வரம்பு வேண்டும். ஆனால், பங்கு உள்ளூர்க்காரர் பெயரில் இருக்க, கடன் ஒப்பந்தத்தின் வழியாக வெளியிலிருப்பவர் கம்பெனியை நடத்தவும் கூடும். புதிய கம்பெனிச் சட்டம் உடைமையோடு கட்டுப்பாட்டையும் சேர்த்தே சொல்வதால், பதிவேட்டோடு அந்த ஒப்பந்தங்களையும் வரவழைத்துப் படிக்கிறேன்.