டான்டே தேர்வில் ரிடன்டன்சி: படிக்க வேண்டியதும் பிடுங்கிப் பார்க்க வேண்டியதும்

நெட்வொர்க் கேபிளில் ஆடியோவை அனுப்பும் முறைதான் டான்டே. அதன் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ரிடன்டன்சி (ஒரு பாதை பழுதானாலும் ஆடியோ நிற்காதபடி வைக்கும் இரட்டைப் பாதை) பாடத்தைப் படத்தைப் பார்த்தே முடித்துவிடுவார்கள். இரண்டு ஸ்விட்ச், இரண்டு கேபிள், ஒன்று போனால் இன்னொன்று. இந்த ‘ஒன்று போனால்’ என்ற நினைப்பில்தான் மார்க் போகும்.

டான்டேயில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது என்பதே கிடையாது. அனுப்பும் கருவி ஒரே ஆடியோவை பிரைமரி (முதல்), செகண்டரி (இரண்டாம்) என்ற இரண்டு தனி நெட்வொர்க்கிலும் எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும். வாங்கும் கருவி முதலில் வந்த பாக்கெட்டை (ஆடியோ தரவின் சிறு துண்டு) எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். பிரைமரி அறுந்தால் எவ்வளவு நேரம் சத்தம் போகும் என்று எந்த வடிவில் கேட்டாலும் விடை பூஜ்யம். ஸ்விட்சுகளுக்கு நடுவே வளையம் வராதபடி ஒரு வழியை மூடிவைக்கும் ஸ்பானிங் ட்ரீயோடு இதைக் குழப்ப வேண்டாம். அதன் பழைய வகை மாற்று வழியைத் திறக்க 30 முதல் 50 விநாடி எடுக்கும்.

இரண்டு போர்ட் இருப்பதால் மட்டும் கருவி ரிடன்டன்ட் ஆகிவிடாது. கருவிகளை லேப்டாப்பிலிருந்து அமைக்கும் டான்டே கன்ட்ரோலர் மென்பொருளில் ‘ஸ்விட்ச்டு’, ‘ரிடன்டன்ட்’ என்று இரு நிலைகள் உண்டு; மாற்றினால் கருவி ரீபூட் ஆக வேண்டும். ஸ்விட்ச்டு நிலையில் அந்த இரு போர்ட்டும் உள்ளே ஒரு குட்டி ஸ்விட்ச்தான், கருவிகளைச் சங்கிலியாகக் கோர்ப்பதற்கு. அந்த நிலையிலேயே விட்டுவிட்டு ஒரு கேபிளை பிரைமரியிலும் மற்றதை செகண்டரியிலும் செருகினால் இரண்டு நெட்வொர்க்கும் ஒன்றாகிவிடும். அப்படி இரண்டு கருவி இருந்தால் வளையம் உருவாகி, எல்லாக் கருவிக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றிப் பெருகும் வெள்ளத்தில் மொத்த ஆடியோவும் நின்றுபோகும். ரிடன்டன்சி வைத்த பிறகு சிஸ்டம் மோசமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள். ஒற்றை போர்ட் கருவிகளுக்கு இடம் பிரைமரியில் மட்டும்.

பயிற்சிக்கு ரிடன்டன்ட் நிலை உள்ள 2 கருவி, 2 கிகாபிட் ஸ்விட்ச், 5 கேபிள், ஒரு லேப்டாப் போதும். ஐந்தாவது கேபிள் லேப்டாப்பை பிரைமரியில் சேர்க்க. 1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோனை ஓடவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். பாட்டு வேண்டாம், சின்ன ‘டக்’ சத்தம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அனுப்பும் கருவியின் பிரைமரி கேபிளைப் பிடுங்குங்கள். டோன் அசையக் கூடாது. திரும்பச் செருகி, வாங்கும் கருவியின் செகண்டரியைப் பிடுங்குங்கள், இப்போதும் அசையாது. அதைச் செருகாமலே அனுப்பும் கருவியின் பிரைமரியை மறுபடி பிடுங்கினால் டோன் நின்றுவிடும். அனுப்புபவருக்கு செகண்டரி மட்டும், வாங்குபவருக்கு பிரைமரி மட்டும். இரண்டு நெட்வொர்க்குக்கும் நடுவில் பாதை இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கேபிள் உயிரோடு இருந்தும் சத்தம் வராத இந்த நிலையைக் காரணத்தோடு விளக்க முடிந்தால் பாடம் பிடிபட்டுவிட்டது.

அடுத்து எல்லாக் கேபிளையும் திரும்பச் செருகிவிட்டு, பிரைமரி ஸ்விட்சின் பவரை நிறுத்துங்கள். கன்ட்ரோலர் திரையிலிருந்து கருவிகள் எல்லாம் மறையும், சத்தம் மட்டும் தொடரும். பார்வையை இழந்தது லேப்டாப்தான், ஆடியோ அல்ல. தானியங்கி முகவரியில் பிரைமரி 169.254 என்றும் செகண்டரி 172.31 என்றும் தொடங்கும். லேப்டாப் தானாக எடுப்பது 169.254தான்; அதனால் செகண்டரியைப் பார்க்க முகவரியைக் கையால் கொடுக்க வேண்டும். கருவிகள் ஒரே கிளாக்கில், அதாவது ஒரே நேரத்தாளத்தில், ஓடுகின்றனவா என்று காட்டும் கிளாக் ஸ்டேட்டஸில் செகண்டரி பக்கம் ‘பாசிவ்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது பழுது இல்லை.

ஸ்விட்ச் அமைப்பை மனப்பாடமே செய்துவிடலாம். ஈ.ஈ.ஈ. என்ற மின்சேமிப்பு வசதியை அணைக்க வேண்டும். எந்த பாக்கெட் முதலில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கியூ.ஓ.எஸ்.ஸில் கிளாக்குக்கு டி.எஸ்.சி.பி. (முன்னுரிமை எண்) 56, ஆடியோவுக்கு 46, அடுத்து 8, மற்றதெல்லாம் 0. பிரைமரியில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு செகண்டரி ஸ்விட்சை அப்படியே விடுகிறவர்கள் நிறைய. செகண்டரி கெட்டுப்போனால் காதுக்குத் தெரியாது. நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கத்தில் செகண்டரி லிங்க் வேகத்தையும், கருவியின் விவரப் பக்கத்தில் பாக்கெட் பிழைகளையும் திறந்து பார்த்தால்தான் உண்டு.

ஒரே ஸ்விட்சில் இரண்டு வி-லேன் (ஸ்விட்சுக்குள்ளேயே தனித்தனி நெட்வொர்க்) பிரித்து பிரைமரி, செகண்டரி என்று ஓட்டலாமா? ஓட்டலாம், கேபிள் அறுந்தால் தாங்கும். ஸ்விட்சின் பவர் சப்ளை போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு ஸ்விட்சை ஒரே யூ.பி.எஸ்.ஸில் மாட்டினாலும் இதே கதைதான். கணினியையே டான்டே கருவியாக்கும் மென்பொருளான டான்டே விர்ச்சுவல் சவுண்ட்கார்டுக்கு ரிடன்டன்சி கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டிங் லேப்டாப் பிரைமரியை மட்டுமே நம்பி ஓடுகிறது.