எட்டு ஜிபி போட்டும் மூன்று ஜிபிதான்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டு அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தே தமிழ் டைப்பிங்கும் பிழை திருத்தமும் செய்து கொடுக்கிறேன். தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவியும். 2023 தையில் அப்படி ஒரு நெருக்கடியான நாளில்தான் என் லேப்டாப் முதன்முறையாக அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டியது: ‘யுவர் கம்ப்யூட்டர் இஸ் லோ ஆன் மெமரி’. எல்லாவற்றையும் சேமித்துவிட்டு மூடு என்றது. மூடிவிட்டு எப்படி வேலை பார்ப்பது? வேர்டில் பத்திரிகை, பக்கத்தில் பழைய மாதிரியின் பிடிஎஃப், குரோமில் வாட்ஸாப். தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சு, சித்தப்பாவின் இனிஷியல் தப்பு என்று பெண் வீட்டார் வாட்ஸாப்பில்தானே அனுப்புகிறார்கள்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “மெமரி ஃபுல்லாயிடுச்சு, போட்டோவை எல்லாம் அழி” என்றார். நானும் நம்பி முப்பது ஜிபி அழித்தேன். சில்வர் பீச்சில் பிள்ளைகள் மணல் வீடு கட்டிய படங்கள் எல்லாம் போயின. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். மறுநாள் காலை அதே பெட்டி.

மெமரி என்று நாம் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. போட்டோ இருப்பது ஹார்டு டிஸ்கில். அது பரண் மாதிரி. ரேம் என்பது சமையல் மேடை, திறந்து வைத்த வேலை எல்லாம் அங்கேதான். பரணைக் காலி செய்தால் மேடை அகலமாகாது. மேடையில் இடம் போதாதபோது விண்டோஸ் பாதிச் சாமானைப் பரணில் ஏற்றி வைக்கும், வேண்டும்போது ஏணி போட்டு இறக்கும். என் லேப்டாப்பில் இருந்தது பழைய சுழலும் டிஸ்க், ஏணி ஏறவே அதற்கு நேரம் பிடிக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி 94 சதவீதம், டிஸ்க் 100. அந்த நூறு எதனால் என்று பிறகுதான் புரிந்தது.

பாண்டியில் இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை நிறுத்தச் சொன்னான். தானாகக் கிளம்பும் சமாசாரம் ஏழு இருந்தது, ஐந்தை நிறுத்தினேன். குரோமில் டேப்களைக் குறைத்தேன். கொஞ்சம் மூச்சு விட்டது, அவ்வளவுதான். “நாலு ஜிபிக்கு இதுக்கு மேல முடியாது அத்தை, இன்னொரு நாலு போட்டுடுங்க. டிடிஆர் 3 எல்-ங்கிற ரேம் வகையா பார்த்து வாங்குங்க, 1.35 வோல்ட். எல் இல்லாததை வாங்கிடாதீங்க” என்றான். 2014 மாடல் லேப்டாப் அது.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. மாட்டியது நானேதான். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, அடியில் இருந்த சின்ன மூடியின் ஸ்க்ரூவைத் திருகினால், ஒரு ஸ்லாட் காலியாகவே இருந்தது. பழைய ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிப் போயிருந்தன. எங்கள் வீடு தேவனாம்பட்டினம் பக்கம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உதிரும், இது எம்மாத்திரம். பையனின் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டினேன். புதியதைச் சாய்வாகச் செருகி அழுத்தியதும் இரண்டு பக்கக் கொக்கியும் ‘டிக்’ என்று பிடித்துக்கொண்டன. பெருமையாக இருந்தது.

பெருமை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அதே மந்தம். சிஸ்டம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்ஸ்டால்டு மெமரி 8.00 ஜிபி. அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 2.89 ஜிபி யூசபிள்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. ரேமை இடம் மாற்றி மாட்டினேன். யூடியூபில் சொன்னபடி எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புப் பெட்டியைத் திறந்து மேக்ஸிமம் மெமரி டிக்கை எடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன். அதே 2.89. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அண்ணன் மகன் சிரிக்கிறான். “கீழே சிஸ்டம் டைப் பாருங்க அத்தை. 32 பிட்.”

32 பிட் விண்டோஸால் எண்ணிப் பார்க்க முடிகிற முகவரிகளே மொத்தம் நாலு ஜிபி அளவுக்குத்தான். அதிலும் கிராஃபிக்ஸ் முதலானவற்றுக்கு ஒரு பங்கு போய்விடும், மிச்சம் மூன்று ஜிபி சொச்சமோ அதற்கும் கீழேயோ. எட்டு போட்டாலும் பதினாறு போட்டாலும் கதை ஒன்றுதான். அப்படியானால் முதலில் இருந்த நாலு ஜிபியிலேயே ஒரு ஜிபிக்கு மேல் ஒன்பது வருடமாகச் சும்மா கிடந்திருக்கிறது! அந்த அடைப்புக்குறி அப்போதும் அங்கேதான் இருந்திருக்கும், நான்தான் ஒரு நாளும் படித்ததில்லை.

அப்போதெல்லாம் வரி குறைவு என்று கடலூர்க்காரர்கள் பாண்டிக்குப் போய்த்தான் இந்தச் சாமான் வாங்குவோம். லேப்டாப்பை விண்டோஸ் இல்லாமல் வெறும் டாஸுடன் வாங்கி, விண்டோஸ் 7 தனியாக வாங்கி, இங்கே ஒரு மெக்கானிக்கிடம் போடக் கொடுத்தேன். 2016இல் இலவசமாக விண்டோஸ் 10க்கு மாறியபோதும் அது 32 பிட்டாகவேதான் மாறியிருக்கிறது. அந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவர் அமைதியாக, “நீங்கதானே அக்கா அந்தப் பழைய டைப்பிங் சாஃப்ட்வேர் ஓடியே ஆகணும்னு சொன்னீங்க? அது 16 பிட். 64 பிட் விண்டோஸ்ல ஓடாது” என்றார். உண்மைதான். நான்தான் கேட்டிருந்தேன். சாரி தம்பி என்று போனை வைத்தேன்.

எட்டு ஜிபியும் பயன்பட வேண்டுமானால் 64 பிட் விண்டோஸ் வேண்டும். 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு, இருக்கிற விண்டோஸை அப்படியே வைத்து அப்டேட் செய்ய வழி கிடையாது, சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். சனிக்கிழமை அண்ணன் மகன் வந்தான். பத்திரிகைக் கோப்புகள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்தோம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸைப் புதிதாகப் போட உதவும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, எட்டு ஜிபி பென்டிரைவில் ஏற்றினான். விண்டோஸின் உரிமச் சாவி கேட்குமோ என்று பயந்தேன். அதே எடிஷன் என்பதால் நெட் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிட்டது. பழைய பிரிண்டருக்கு மட்டும் 64 பிட் டிரைவர் மென்பொருள் தேடி ராத்திரி பதினொன்றாகிவிட்டது. நடுவில் இறால் வறுவல் செய்து போட்டதைத்தான் அவன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்போது அடைப்புக்குறிக்குள் 7.9. வேர்டும் குரோமும் பிடிஎஃபும் சேர்ந்தே பாதியைத்தான் தின்கின்றன. ஆன் ஆவதற்கு மட்டும் அதே பழைய நேரம், அது டிஸ்கின் குணம். சுழலாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி போடக் காசு சேர்க்க வேண்டும். பழைய டைப்பிங் சாஃப்ட்வேர் போயே போய்விட்டதால் விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் 99 விசைப்பலகைக்கு மாறினேன். முதல் வாரம் ஒரு பத்திரிகைக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. மணமகன் பெயரையே தப்பாக அடித்து அனுப்பினேன், நல்ல வேளையாக அச்சகத்தில் பிடித்துவிட்டார்கள்.