மைனஸ் 1 முதல் 17 வரை

“அப்போ மாற்றம் ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கலாமா தம்பி?” என்று கேட்டார் மேடம்.

“அப்படியும் சொல்லலாம் மேடம்” என்றேன்.

ஒரு அறக்கட்டளை செய்த வேலையால் பலன் உண்டா என்று சர்வே எடுத்துவிட்டு, முடிவை அவர்களிடம் சொன்ன கூட்டம் அது. முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போனோம். இரண்டு வருடம் ஆகிறது. அப்படிச் சொல்ல முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஏன் சொன்னேன் என்பதற்கு என்னிடம் நாலைந்து பதில்கள் இருக்கின்றன. நாளுக்கு ஒன்று சரியாகப் படுகிறது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 20 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. இரண்டு வயதுக்குள் குழந்தை உள்ள தாய்மார்களில் எத்தனை பேர் கர்ப்பமாக இருந்தபோது 100 நாளாவது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டார்கள் என்பது கேள்வி. பேஸ்லைனில், அதாவது வேலை தொடங்கும் முன் எடுத்த சர்வேயில், 31 சதவீதம். அந்த அறக்கட்டளையின் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பேசி வேலை செய்த பிறகு எடுத்த சர்வேயில், அதாவது எண்ட்லைனில், 39. எட்டுப் புள்ளி கூடியிருக்கிறது.

எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் எண் எவ்வளவு விலகலாம் என்பதுதான் பிழை வரம்பு. 400 பேர் சாம்பிள் என்றால் அது சுமார் 5 என்று இந்தத் தொழிலில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இரண்டு சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும்போது இரண்டு பக்கத்துப் பிழையும் சேரும், 6.6 ஆகிவிடும். எட்டில் இருந்து அதைக் கழித்தால் 1.4, கூட்டினால் 14.6. இந்த 1.4 முதல் 14.6 வரை உள்ளதற்குத்தான் ‘நம்பிக்கை இடைவெளி’ என்று பெயர். பூஜ்யம், அதாவது மாற்றமே இல்லை என்பது, அதற்கு வெளியே நிற்கிறது. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அந்த ஸ்லைடைப் பச்சைக் கலரில் போட்டு வைத்திருந்தாள். நான்தான் நிறுத்தினேன்.

நிறுத்தியதில் தப்பில்லை. இதை இன்றைக்கும் சொல்வேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே பானை, ஒரே தீ என்பதால்தான் அது செல்லும். அதனாலேயே அதே பானையில் இருபது பருக்கை எடுத்தாலும் இருபது செய்தி கிடைக்காது. ஒரு கிராமத்து இருபது தாய்மார்களுக்கும் ஒரே நர்ஸ், ஒரே துணை சுகாதார நிலையம். அங்கே மாத்திரை வராத மாதம் இருபது பேருக்கும் வராத மாதம்தான். எங்களிடம் இருந்தது 400 தனித்தனிப் பருக்கைகள் இல்லை, 20 பானைகள். இதற்கு ‘டிசைன் எஃபெக்ட்’ என்று ஒரு திருத்தம் உண்டு. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதை, முழு ஒற்றுமைக்கு 1 என்ற அளவில், வெறும் 0.05 என்று எடுத்துக்கொண்டால்கூட அது கிட்டத்தட்ட 2 வரும். அதாவது 400 வீட்டுக்கு அலைந்துவிட்டு 200 வீட்டின் செய்தியோடு திரும்பியிருக்கிறோம். பிழை வரம்பு 9.3 ஆகிறது. இடைவெளி மைனஸ் 1.3 முதல் 17.3 வரை. பூஜ்யம் உள்ளே வந்துவிட்டது.

எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வாடிக்கையாளருக்குப் பிடித்த எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும் நிறுவனங்கள் நடுவில் நாங்கள் அப்படி இல்லை என்று.

கூட்டத்தில் மேடம் திரையைப் பார்த்துவிட்டு, “நம்பிக்கை இடைவெளின்னா யாருக்கும் யாருக்கும் நடுவுல தம்பி?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தத் தமிழ்ப் பெயரில் உள்ள வில்லங்கம் அதுதான். அப்புறம் விளக்கினேன். திருவிழாவில் வளையம் வீசும் கடை இருக்கிறதே, அதில் சோப்பு டப்பா இருந்த இடத்திலேயே இருக்கும். வளையம்தான் இங்கேயும் அங்கேயும் போய் விழும். உண்மையான எண் அந்த டப்பா. ஒவ்வொரு சர்வேயும் ஒரு வீச்சு. இப்படி நூறு தடவை வீசினால் ஏறக்குறைய 95 தடவை டப்பா வளையத்துக்குள் இருக்கும். 1937-இல் இந்த முறையை வகுத்த புள்ளியியலாளர் நெய்மன் சொன்னபடி, இந்த 95 வீசும் முறைக்கு உரியது, இந்த ஒரு வளையத்துக்கு உரியது இல்லை. கடையில் விழுந்ததா என்று கண்ணால் பார்த்துவிடலாம், இங்கே அதுவும் முடியாது.

நன்றாகத்தான் விளக்கினேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது, நானும் அந்தப் பதிலைச் சொன்னேன்.

சொல்லியிருக்க வேண்டியது இது: “மேடம், மாற்றமே இல்லை என்பதை என்னால் ஒதுக்க முடியவில்லை, அவ்வளவுதான். 17 புள்ளி கூடியிருக்கலாம் என்பதையும் ஒதுக்க முடியவில்லை. கையில் இருப்பதில் நல்ல மதிப்பீடு இன்னும் எட்டுதான்.” முப்பது வினாடி ஆகியிருக்கும். ஆனால் மணி ஒன்றே கால். அவர் பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டு ஒரு வரிக்காகக் காத்திருந்தார். அரை மணி நேரம் விளக்கிவிட்டு மறுபடியும் ‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது ஒரு பதில்.

இன்னொரு பதில், அந்த எட்டையே நான் நம்பவில்லை என்பது. களத்தில் ஒரு நாள் கூடப் போயிருந்தேன். ஒரு அம்மா மஞ்சப்பையைக் கவிழ்த்து, தடுப்பூசி அட்டையோடு மடித்து வைத்திருந்த காலி மாத்திரை அட்டைகளைத் திண்ணையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். அறக்கட்டளை அக்கா சேர்த்து வைக்கச் சொன்னார்களாம். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அடுத்த வீட்டில் அட்டையே இல்லை. “எல்லாம் சாப்பிட்டேன் சார்” என்ற பதில் மட்டும்தான், சொல்லும்போது பார்வை எங்கள் பின்னால் நின்ற அக்கா மேல். பிழை வரம்பு இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சாம்பிள் எடுத்ததால் வரும் ஆட்டத்தைத்தான் அது அளக்கும்; மரியாதைக்குச் சொன்ன ‘ஆமாம்’ அதில் அடங்காது. ஆனால் நேர்மையாகப் பார்த்தால், அன்று கூட்டத்தில் இதெல்லாம் என் மனதில் இருந்ததா? பின்னால் நானே சேர்த்துக்கொண்ட காரணமோ என்றும் தோன்றுகிறது.

தேசிய குடும்ப நல ஆய்வில் இதே கேள்விக்கு இந்தியா முழுவதற்கும் 2015-16-இல் 30.3 சதவீதம் வந்தது, 2019-21-இல் 44.1. அங்கே யாரும் பூஜ்யம் உள்ளேயா வெளியேயா என்று தவிக்கவில்லை. 2019-21-இல் அவர்கள் பேட்டி கண்ட பெண்களே 7 லட்சத்து 24 ஆயிரம். அவர்களும் சின்ன எண்ணுக்குப் பயப்படுகிறவர்கள்தான்: 25 முதல் 49 பேரை வைத்து வந்த எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், 25-க்குக் கீழே போனால் எண்ணையே போடாமல் நட்சத்திரம். எனக்கும் அன்று ஒரு நட்சத்திரம் தேவைப்பட்டது. வாயால் பேசும்போது நட்சத்திரம் போட வழியில்லை.

அறிக்கையில் “குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை” என்று போனது. அடுத்த வருடத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் வேலை இல்லை. அந்தப் பணம் சுவர் விளம்பரத்துக்கும் ஆட்டோ ஒலிபெருக்கிக்கும் போனது. என் வரியால்தானா? பண நெருக்கடி முன்பே இருந்தது என்று அங்கே வேலை செய்த ஒருவர் சொன்னார். அதை நம்பத்தான் எனக்கும் விருப்பம். மாத்திரை அட்டைகளைச் சேர்த்து வைக்கச் சொன்ன அந்த அறக்கட்டளை அக்காவும் இப்போது அந்த வேலையில் இல்லை.

இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. அன்று திரும்பி வரும்போது காரில் அந்தப் புதுப் பெண், “சார், ரெண்டு தடவையும் அதே 20 ஊர்தானே போனோம்?” என்று கேட்டாள். “ஆமா, அதுக்கென்ன?” என்று கேட்டுவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் மேலே பேசவில்லை.

அதுக்கென்ன என்றால், அதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே பானைகள் என்றால், முதல் தடவை உப்புக் குறைவாக இருந்த பானை இரண்டாம் தடவையும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். வித்தியாசத்தை மட்டும் பார்க்கும்போது அந்தக் குறை பெரும்பாலும் கழிந்துபோகும். நான் இரண்டு சுற்றையும் சம்பந்தமில்லாத இருபது இருபது ஊர்களாக வைத்து 9.3 போட்டேன். உண்மையான வரம்பு அதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம். எட்டுக்குக் கீழே போயிருக்குமா என்பது ஒவ்வொரு ஊரும் எப்படி நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. கறாராக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பாதிக் கறாரோடு நின்றுவிட்டேன் போலிருக்கிறது. இது எனக்கு உறைத்ததே ஏழெட்டு மாதம் கழித்து, வேறொரு வேலைக்காக வேறொரு கணக்குப் போடும்போது.

ஊர்வாரியான அந்த ஃபைல் என் லேப்டாப்பில் இன்னும் இருக்கிறது. 20 வரி. ஊருக்கு ஊர் கழித்து, சராசரி எடுத்து, மறுபடி இடைவெளி போட அரை மணி நேரம் போதும். இதை எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகியிருக்கிறது.