மூன்று சத்தங்கள்: காரைத் தாழ்த்திய பிறகு நடந்தவை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவில் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்தபோது இடது முன்சக்கரத்தின் மேலிருந்து ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது. முறுக்கிப் பிடித்த சுருள்கம்பியைச் சட்டென்று விட்டால் வருமே, அந்தச் சத்தம். பின்னிருக்கையில் இருந்த அம்மா, “என்னப்பா அது?” என்றார். அடுத்த வளைவிலும் அதே சத்தம். ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை கீழே தெரியும் இடத்தில், வண்டியை ஓரங்கட்டிச் சக்கர வளைவுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். எதுவும் கழன்றிருக்கவில்லை. காரைத் தாழ்த்துவதற்காகப் புதிய ஸ்பிரிங் போட்டு அன்றோடு 11 நாள்.

என்னுடையது 2014-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் போலோ கார். அப்போது 82,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரு வருடமாகவே நெடுஞ்சாலை வளைவுகளில் முன்பக்கம் மிதப்பதுபோல் இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சற்றுத் தயங்கிய பிறகே வண்டி திரும்பும். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்துக்கு நண்பர்களுடன் போய்வந்தபோது, அங்கே தரையோடு ஒட்டி நின்ற கார்களைப் பார்த்து மனம் முடிவெடுத்துவிட்டது. காரைத் தாழ்த்தினால் மிதப்பு போய்விடும் என்று உறுதியாக நம்பினேன். 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் நான்கை வாங்கி ஒரு கடையில் மாட்டக் கொடுத்தேன். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள் பழையவையே. காலையில் விட்டு மதியம் எடுத்துவிட்டேன். முதல் வாரம் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் வண்டியை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

வால்பாறையிலிருந்து திரும்பியதும் கடைக்குப் போனேன். “புது ஸ்பிரிங் அப்படித்தான், படிந்தால் சரியாகிவிடும்” என்றார்கள். ஒரு மாதம் காத்திருந்தேன். அதற்குள் சத்தங்கள் கூடின. குழியில் சக்கரம் இறங்கும்போது ‘டக்’. வேகத்தடையில் ஏறும்போது ‘தொம்’ என்று இருக்கை வரை அதிர்ந்தது. அப்போதுதான் நண்பர் ஒருவர் சிங்காநல்லூரில் தனக்குத் தெரிந்த ஒரு சிறிய பட்டறைக்கு அழைத்துப் போனார். ஷாக் அப்சார்பரும், சக்கரத்தைக் கீழிருந்து காரோடு இணைக்கும் லோயர் ஆர்முமே வாழ்க்கையாக இருந்த முதிய மெக்கானிக் அவர். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “தம்பி, இது ஒரு சத்தம் இல்லை. மூன்று. ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வருவோம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்குப் பாதி நிம்மதி.

முதல் சத்தத்தைப் பிடித்த விதம் எளிமையானது. வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம். வண்டி தரையில் நிற்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் சக்கர வளைவுக்குள் கைவிட்டு ஸ்பிரிங்கின் மேல் லேசாக விரல் வைத்திருக்க வேண்டும். சுருள்களுக்கு இடையில் மட்டும் விரலை நுழைக்கக் கூடாது. ஸ்பிரிங் சீராகச் சுற்றினால் நல்லது. என் வண்டியில் அது திரும்ப மறுத்து, முறுக்கேறி, பிறகு விரலில் அடிப்பதுபோல் துள்ளியது. போலோவின் முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை; அதாவது ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தூண். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதுதான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே திரும்பும். அவற்றுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ரப்பர் மவுண்ட்டும் அதன் கீழ் ஒரு பேரிங்கும் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தபோது இடது பேரிங்குக்குள் மண்ணும் துருவும் சேர்ந்து இறுகியிருந்தன. ஸ்பிரிங்கை மாற்ற அந்தப் பேரிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கையில் எடுத்த 82,000 கிலோமீட்டர் பழைய பேரிங்கை அப்படியே திருப்பி வைத்திருக்கிறார்கள். சில நூறு ரூபாய்ப் பொருள் அது. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டாவது, ‘டக்’. காரின் உடலுக்கு அடியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டதும், ஸ்பிரிங்கை வெறும் கையால் சுற்ற முடிந்தது. அப்படிச் சுற்ற முடியக் கூடாது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஸ்பிரிங் கொஞ்சம் அழுத்தத்திலேயே இருக்க வேண்டும். அதன் முனை கீழ்த்தட்டில் உள்ள படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். குட்டையான ஸ்பிரிங்கை நீளமான பழைய ஷாக்கில் மாட்டியதால், சக்கரம் குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் தளர்ந்து, மறுபடி உட்காரும்போது தட்டியது.

மூன்றாவதற்கு விடை அளவுகோலில் இருந்தது. சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை எவ்வளவு உயரம் என்று பழைய ஸ்பிரிங் இருந்தபோதே அளந்து எழுதி வைத்திருந்தேன். இப்போது அளந்தால் 47 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. பெட்டியில் எழுதியிருந்தது 35. “இது ஐரோப்பிய வண்டிக்கான கணக்கு. நம் ஊர் வண்டியை நம் சாலைக்காக உயர்த்தித்தான் விற்றார்கள். உயரமான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அந்த ஊர்க் கணக்கில் உள்ளதைப் போட்டால், 35-க்கு மேல்தானே இறங்கும்?” என்றார் அவர். ஷாக்கின் தண்டு உள்ளே போகும் தூரத்தில் 47 மில்லிமீட்டர் நிற்கும்போதே தீர்ந்துவிட்டது. ஷாக் முழுதாக அமுங்கிவிடாமல் தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் மிச்சமிருந்த இடைவெளி ஒரு விரல் அகலம்கூட இல்லை. நான்கு பேர் ஏறினால் அதுவும் போய்விடும். பிறகு ஒவ்வொரு மேட்டிலும் ஸ்பிரிங் வேலை செய்வதில்லை, ரப்பர்தான் அடி வாங்குகிறது. வலது ஷாக்கில் எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது.

வேகத்தடை பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். அதன் உச்சியில் என் கார் நான்கு சக்கரங்களோடு நின்றால், நடுவயிற்றுக்குக் கீழே குறையும் இடைவெளி ஏறத்தாழ 45 மில்லிமீட்டர்தான். தாழ்த்திய காரும் உரசாமல் போய்விடும். ஆனால் எங்கள் தெருவில் இருப்பது இரண்டடி அகலத்தில் கொட்டிய ஒரு மேடு. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில் அதன் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக வந்துவிடுகிறது.

சத்தமே போடாமல் கெட்டுக்கொண்டிருந்தது லோயர் ஆர்ம் புஷ். இரும்புக் குழாய்க்கும் ஆர்முக்கும் நடுவே ஒட்டிய ரப்பர் அது. போல்ட்டை முறுக்கியதும் குழாய் இறுகி நின்றுவிடும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்க வேண்டும். கடையில் வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் மாட்டிக்கொண்டது. இரண்டு மாதத்தில் இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் அருகில் நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுவே. புஷ் போல்ட்டுகளை முதலில் தளர்வாக மாட்டி, வண்டியைச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, அந்த உயரத்தில்தான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். குழிமேடையிலோ சாய்தளத்திலோ நிறுத்தினால் இது சாத்தியம். இந்த வண்டியில் அந்தப் போல்ட்டுகள் இழுபட்டு இறுகும் வகை. கழற்றினால் புதியதுதான் போட வேண்டும்.

வளைவில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய்ந்ததற்கும் காரணம் கேட்டேன். அவர் சுவரில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். காரைத் தாழ்த்தியதும் வெளிமுனை மேலே ஏறிவிட்டது. உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி காரின் எடை மையம் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு நெம்புகோல். தாழ்த்தினால் அது நீள்கிறது. பந்தயக் கார்களில் கடினமான ஸ்பிரிங்கும், ஆர்மின் கோணத்தைத் திருத்தும் பால் ஜாயிண்ட்டும் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள உருண்டை மூட்டு) சேர்த்துப் போட்டு இதைச் சரிக்கட்டுகிறார்கள். ஸ்பீட்வேயில் நான் பார்த்தது உயரத்தை மட்டும்தான்.

எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று உறுதி செய்ய, பரணில் சாக்கில் கட்டி வைத்திருந்த பழைய ஸ்பிரிங்குகளைக் கொண்டுவரச் சொன்னார். புதிய மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், முன்பக்க ஷாக் இரண்டு, புஷ், வண்டியின் சாய்வைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராட் ஆகியவற்றோடு பழைய முன் ஸ்பிரிங்குகளை மாட்டினோம். முன்னும் பின்னும் உயரம் பொருந்த வேண்டுமே என்று பின்னாலும் பழையதையே போட்டார். இது சோதித்துப் பார்க்கத்தான். சத்தம் நின்றதும், இந்த வண்டிக்கு ஏற்ற குட்டை ஷாக்கோடு தாழ்வான ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுவது என்பது திட்டம்.

அன்று மாலை பொள்ளாச்சி சாலையில் ஓட்டினேன். மூன்று சத்தமும் இல்லை. அதைவிடப் பெரிய ஆச்சரியம், மிதப்பும் இல்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பியது. எந்த உணர்வுக்காகக் காரைத் தாழ்த்தினேனோ அது பழைய உயரத்திலேயே கிடைத்துவிட்டது. ஒரு வருடமாக என்னைத் தொந்தரவு செய்தது காரின் உயரம் அல்ல, தேய்ந்துபோன ஷாக்கும் ரப்பரும். பட்டறைக்குத் திரும்பி அவரிடம் சொன்னபோது, “அப்படியானால் இதையே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குக் கீழே போய்விட்டார். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்பிரிங் அதற்குள் வருமா, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலை எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதுவும் அன்றோடு விட்டது.

வீல் அலைன்மென்ட் இரண்டு முறை செய்தேன்: மாட்டிய அன்று ஒன்று, 1,000 கிலோமீட்டர் ஓடி எல்லாம் படிந்த பிறகு ஒன்று. தாழ்ந்திருந்த நாட்களில் முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்து நின்றதால் டயர்களின் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் புதியதுபோல் தெரியும். ஸ்டியரிங்கை ஒடித்து வைத்துக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அவற்றையும் மாற்றினேன். முகப்பு விளக்கின் உயரத்தைச் சரி செய்தேன். போன மாதம் மறுபடி வால்பாறை போனோம். இந்த முறை அம்மா முன்னிருக்கையில். 40 வளைவுகளும் ஏறி இறங்கினோம். இரண்டு முறை அவரே கண்ணாடியை இறக்கி, காதைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தார்.