இரண்டாவது ரவுட்டரின் வாயைக் கட்டிய கதை

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. அகலம் கிடையாது, நீளம் மட்டும் உண்டு. இண்டர்நெட் லைன் வருவதும் ரவுட்டர் இருப்பதும் முன்னறையில். அப்பாவின் அறை கடைசியில். நடுவில் இரண்டு செங்கல் சுவர், ஒரு குளியலறை, போதாக்குறைக்கு கண்ணாடி பதித்த இரும்பு பீரோ ஒன்று. முன்னறையில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பறக்கும். அப்பாவின் அறைக்குப் போவதற்குள் அது செத்துவிடும். 2.4 மட்டும் தட்டுத் தடுமாறி ஒரு கோட்டோடு போய்ச் சேரும்.

"டேய், வட்டம் சுத்திக்கிட்டே இருக்குடா" என்று தினமும் ராத்திரி ஒரு குரல் வரும். வீடியோ பார்க்கும் நேரம்.

முதலில் பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன். கோடு மூன்றாக ஏறியது, வட்டம் நிற்கவில்லை. அது ஒரே ரேடியோவில் ஒரு பக்கம் கேட்டு, அதையே மறுபக்கம் திருப்பிச் சொல்கிற சாதனம். கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. வேகம் பாதியாகத்தான் குறையும். அதிலும் நான் அதைச் செருகியது அப்பாவின் அறையிலேயே. சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு எதைத் திருப்பிச் சொல்லும்?

அப்போதுதான் மேசை டிராயரில் கிடந்த பழைய ரவுட்டர் ஞாபகம் வந்தது. முன்னறையிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதில் செருகினால் முடிந்தது என்று நினைத்தேன். கேபிள் இழுக்க ஒரு மதியம் ஆனது. மிச்சத்துக்கு ஒரு வாரம் ஆனது.

கேபிளின் மறுமுனையைப் பழைய ரவுட்டரின் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளி லைன் வந்து சேரும் வாசலில் செருகினேன். நிறம் வேறாக, தனியாக ஒதுங்கி இருக்குமே, அந்த ஓட்டை. உடனே இண்டர்நெட் வந்தது. அப்பாவுக்கும் சந்தோஷம். மறுநாள் அப்பாவின் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பிலிருந்து பிரிண்ட் கொடுத்தால், முன்னறையில் இருக்கும் பிரிண்டர் தேடலில் வரவே இல்லை. ஆனால் அதன் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்கு உள்ள எண்ணை, பிரவுசரில் நேராக அடித்தால் திறக்கிறது! இருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை.

காரணம் லேசானதுதான். வான் போர்ட்டில் செருகியதும் பழைய ரவுட்டர் தன்னை ஒரு தனிக் குடித்தனமாக நினைத்துக்கொண்டது. முன்பக்கம் 192.168.1 வரிசை, பின்பக்கம் 192.168.0 வரிசை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நெட்வொர்க், நடுவில் ஒரு சுவர். பின்னாலிருந்து முன்னால் போக வழி உண்டு. "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கீங்களா?" என்று பொதுவாகக் கூவும் சத்தம் மட்டும் அந்தச் சுவரைத் தாண்டாது. முன்னறை போனிலிருந்து அப்பாவின் டிவிக்கு வீடியோ அனுப்ப முடியாமல் போனதும் இதனால்தான். இதற்கு டபுள் நாட் (NAT, முகவரி மாற்றும் வேலை இரண்டு தடவை நடப்பது) என்று பெயர். வெறுமனே இணையம் பார்ப்பவர்களுக்கு இது ஒரு தொந்தரவும் தராது. அதனால்தான் பல வீடுகளில் இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, வான் வேண்டாம், வீட்டுச் சாதனங்களைச் செருகும் லேன் (LAN) போர்ட்டில் செருகுவோம் என்று மாற்றினேன். அன்றைக்குத்தான் வீட்டில் பேய் புகுந்தது.

என் போனில் இண்டர்நெட் வரும், மனைவியின் போனில் வராது. அவள் வைஃபையை அணைத்துப் போட்டால் அவளுக்கு வரும். அப்புறம் என் லேப்டாப்பில் போய்விடும். வைஃபை இணைந்திருக்கிறது என்று காட்டும், கூடவே இண்டர்நெட் இல்லை என்றும் சொல்லும். முன்னறையில் ரவுட்டருக்கு நேர் கீழே நிற்கும் போனுக்கும் அதே கதி என்பதுதான் என்னைக் குழப்பியது. லைன்தான் போச்சு என்று சேவைக்காரர்களுக்குப் போன் செய்து இரண்டு நாள் சண்டை போட்டேன். பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

இணைப்பு இருந்த நேரத்தில் ஒரு தடவை, இல்லாத நேரத்தில் ஒரு தடவை, லேப்டாப்பின் ஐபி முகவரியைப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. ஓடும்போது 192.168.1.104. ஓடாதபோது 192.168.0.102, கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், 192.168.0.1. அதாவது பழைய ரவுட்டர்.

ஒரு சாதனம் நெட்வொர்க்கில் நுழைந்ததும் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். டிஹெச்சிபி என்பது அதற்குப் பதில் சொல்லும் வேலை. வீட்டில் ஒருவர்தான் அதைச் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் இருவர் செய்தார்கள். யார் பதில் முதலில் வருகிறதோ அதையே பெரும்பாலும் சாதனம் எடுத்துக்கொள்ளும். புது ரவுட்டர் முந்தினால் உலகம் திறக்கும். பழையது முந்தினால், "வெளியே போக என்னிடம் வா" என்று அது தன்னையே வாசலாகக் காட்டும். அதன் வான் போர்ட்டோ காலி. போகிறவன் முட்டிக்கொண்டு நிற்பான். போன் வெளியே போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் புதிதாக ஒரு குலுக்கல். ஒரு உறையில் இரண்டு கத்தி என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆக, பழைய ரவுட்டரை ரவுட்டர் பதவியிலிருந்து இறக்க வேண்டும். ரேடியோ இருக்கட்டும், போர்ட்டுகள் இருக்கட்டும், முகவரி கொடுக்கும் வாயை மட்டும் கட்ட வேண்டும். புதிய மாடல்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒரு தேர்வு இருக்கும், அதை அழுத்தினால் தானே எல்லாம் செய்துகொள்ளும். உங்களுடையதில் அது இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் அதை அழுத்திவிட்டுத் தூங்கப் போங்கள். என்னுடையதில் இல்லை.

பழையதை எல்லா கேபிளிலிருந்தும் பிரித்து, பின்னூசியால் ரீசெட் ஓட்டையைப் பத்து விநாடி அழுத்தி, லேப்டாப்போடு மட்டும் கேபிளில் இணைத்தேன். இங்கே வரிசை முக்கியம். நான் அவசரத்தில் டிஹெச்சிபியை முதலில் அணைத்து சேவ் கொடுத்தேன். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனது. லேப்டாப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லை. அது தனக்குத் தானே 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றை வைத்துக்கொண்டது. யாரும் முகவரி தராத அநாதை என்பதற்கு அந்த எண்தான் அடையாளம். ரவுட்டரின் பக்கமும் திறக்கவில்லை. வாயைக் கட்டு என்றால் கதவையும் பூட்டிக்கொண்டேன். லேப்டாப்பில் கையால் 192.168.0.10 என்று முகவரி போட்ட பிறகுதான் மறுபடி உள்ளே போக முடிந்தது.

உள்ளே போனதும் அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். புது ரவுட்டர் 192.168.1.1. அது மற்றவர்களுக்குக் கொடுக்கும் முகவரிகள் 100-லிருந்து 199 வரை. அந்த வட்டத்துக்கு வெளியே 2-ஐ எடுத்துக்கொண்டதால் மோதல் வராது. முகவரியையும் வீட்டு வரிசைக்கே மாற்றியது எதற்கென்றால், நாளைக்கு வைஃபை பாஸ்வேர்ட் மாற்ற வேண்டுமென்றால் அதே இடத்திலிருந்து திறக்கலாம், மறுபடி கேபிளும் லேப்டாப்புமாக அப்பாவின் கட்டிலடியில் தவழ வேண்டாம். கடைசியாக முன்னறைக் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகி, வான் போர்ட்டின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். பிரிண்டர் அந்த நிமிடமே தேடலில் வந்தது.

வேகத்தைச் சோதித்தால் 94 எம்பிபிஎஸ். கேபிள் தொடங்கும் முன்னறையில் 300 வருகிறது. 94-ஐப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டியது 100 எம்பிபிஎஸ் இணைப்பைத்தான். இரண்டு ரவுட்டரிலும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட். அப்படியானால் குற்றவாளி கேபிள். கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும், 100-க்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். நான் கிரிம்ப் செய்த, அதாவது கம்பிகளைப் பிளக்கில் நெரித்துப் பொருத்திய முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழுப்புக் கம்பி பிளக்கின் நுனி வரை போகாமல் அரைக்கால் விரல் தூரத்திலேயே நின்றிருந்தது. வெட்டிப் போட்டு மறுபடி அடித்தேன். வேகம் வந்துவிட்டது.

வைஃபை பெயர் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. நான் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு வகை வைத்தேன். அப்பா எந்தப் பெயரைத் தொட வேண்டும் என்று கேட்கக் கூடாது, அவ்வளவுதான். 2.4-இல் முன்னறைக்குச் சேனல் 1, பின்னறைக்கு 11. 1, 6, 11 மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. ஒரே பெயர் வைத்தாலும் எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான், ரவுட்டர் அல்ல. சில போன்களுக்குப் பிடிவாதம் அதிகம். பின்னறைக்கு வந்த பிறகும் முன்னறையின் ஒற்றைக் கோட்டையே பிடித்துத் தொங்கும். முன்னறை ரவுட்டரின் 2.4 சக்தியை ஒரு படி குறைத்ததும் சீக்கிரம் கை மாறியது. சக்தியைக் கூட்டினால்தான் நல்லது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் வீடு முழுக்க இண்டர்நெட் இல்லை. இரண்டு ரவுட்டரிலும் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தாற்போல் சிமிட்டின. அப்பாவின் அறையைச் சுத்தம் செய்த மகள், ஒரு முனை ரவுட்டரிலும் மறுமுனை தரையிலுமாகத் தொங்கிக்கொண்டிருந்த சின்ன கேபிளைப் பார்த்து, அசிங்கமாக இருக்கிறதே என்று அதே ரவுட்டரின் இன்னொரு போர்ட்டில் செருகிவிட்டாள். கூவல்கள் அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கை அடைத்துவிட்டன. உருவி எடுத்ததும் மூச்சு வந்தது.

"அது சும்மாதானேப்பா தொங்குச்சு?" என்றாள். சும்மா தொங்கவிட்டது நான்தான்.

இப்போது பழைய ரவுட்டரின் தலையில் ஒரு ஸ்டிக்கர். 192.168.1.2, டிஹெச்சிபி ஆஃப், டேப்பைப் பிரிக்காதே. அதில் கெஸ்ட் வைஃபை என்று, விருந்தாளிகளை வீட்டுச் சாதனங்களிலிருந்து பிரித்து வைக்கும் ஒரு வசதியும் உண்டு. ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். விருந்தாளி போனிலிருந்து எங்கள் பிரிண்டர் பக்கம் அழகாகத் திறந்தது. ரவுட்டர் வேலையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அதனால் யாரையும் பிரித்து வைக்க முடியவில்லை. அதையும் அணைத்துவிட்டு, கெஸ்ட் வைஃபையை முன்னறை ரவுட்டரில் மட்டும் வைத்திருக்கிறேன்.