மூன்று கணினி, ஒரு பென் டிரைவ், அப்பாவின் ஐஸ் கணக்கு

பாம்பனில் அப்பாவுக்கு ஒரு நாட்டுப்படகு. டீசல், ஐஸ் செலவு போக மீதியைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கிற கணக்கைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, பொழுதுபோக்குதான். வீட்டு டெஸ்க்டாப்பில் கொஞ்சம், ராமநாதபுரத்தில் வேலை பார்க்கும் கடையில் மதிய இடைவேளையில் கொஞ்சம், கீழக்கரையில் மாமனார் வீட்டுப் பழைய லேப்டாப்பில் கொஞ்சம்.

ஃபோல்டரைப் பென் டிரைவில் அப்படியே காப்பி செய்து திரிந்தேன். ‘கணக்கு புதுசு’, ‘கணக்கு புதுசு 2’, ‘இதுதான் சரி’ என்று பெயர்கள். போன மீன்பிடித் தடைக்காலத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், நாட்டுப்படகு மீனுக்கு விலை ஏறும், அப்பா தினமும் கணக்குப் பார்ப்பார். ஐஸ் செலவைக் கழிக்கும் வரியைக் கீழக்கரையில் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்துக் கடையிலிருந்த பழைய ஃபோல்டரை அதன் மேலேயே ஒட்டிவிட்டேன். அன்று ராத்திரி அப்பா தன் நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏண்டா, ஐஸ்காரன் சும்மாவா குடுக்குறான்?” என்றார்.

அப்புறம் சிங்திங் போட்டேன். நல்ல மென்பொருள்தான், கணினிகள் நேரடியாகப் பேசி ஃபோல்டரை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும். ஆனால் பேசுவதற்கு இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமே. கடைக் கணினியை அணைத்துவிட்டு பஸ் ஏறி வந்துதான் வீட்டுக் கணினியைப் போடுவேன். பாவம், இரண்டும் சந்தித்ததே இல்லை.

கடைசியில் கிட், கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்து வைக்கும் மென்பொருள். பென் டிரைவிலேயே ஒரு ‘பேர்’ ரெப்போ (நம்மூர்ப் பேர் இல்லை, ஆங்கிலத்து bare; கோப்புகளை விரித்து வைக்காமல் அந்த வரலாறு மட்டும் இருக்கும் கிடங்கு) வைத்து மூன்று கணினியிலும் அதையே ரிமோட்டாக, அதாவது மாற்றங்களை அனுப்பி வாங்கும் இடமாகக் கொடுத்தேன். முதல் புஷ்ஷையே (மாற்றங்களை அங்கே அனுப்புவதையே) கிட் மறுத்தது. ஃபோல்டர் யாருடையது என்று சந்தேகமாம்! எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் உரிமையாளர் விவரம் பதியாது, 2022-லிருந்து கிட் அதைக் கவனிக்கிறது. சேஃப் டைரக்டரி (நம்பலாம் என்று நாமே சொல்லும் ஃபோல்டர்கள்) பட்டியலில் பாதையைச் சேர்த்ததும் வழிக்கு வந்தது. அந்தப் பட்டியல் ஒவ்வொரு கணினிக்கும் தனி என்பதால் இதை மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது.

ஒருநாள் கடையில் கமிட் போட்டுவிட்டு (மாற்றத்தை அந்தக் கணினியில் பதிந்துவிட்டு) புஷ் செய்ய மறந்து கிளம்பினேன். ராத்திரி வீட்டில் வேறு மாற்றம் செய்து புஷ் செய்தேன். மறுநாள் கடையில் புஷ் செய்தால் ஏற்கவில்லை, முதலில் புல் செய் (அங்கே இருப்பதை வாங்கிக்கொள்) என்றது. செய்தேன், இரண்டு வேலையும் சேர்ந்து நின்றது. பழைய முறையென்றால் ஒன்று போயே போயிருக்கும்.

அன்றாடப் பதிவுகள் உள்ள எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பை மட்டும் கிட்டுக்குள் விடவில்லை. நிரலைப் போல அதை வரி வரியாகச் சேர்க்க முடியாது. அது வீட்டு டெஸ்க்டாப்பிலேயே இருக்கிறது.

போன வாரம் தம்பி பாட்டு ஏற்ற அந்தப் பென் டிரைவை எடுத்திருக்கிறான். திறந்தால் என் நிரல் ஒன்றும் தெரியாது, ஆப்ஜெக்ட்ஸ், ரெஃப்ஸ் என்று ஏதேதோ இருக்கும். “அண்ணே, இதுல வைரஸ் ஏறிருக்கு, ஃபார்மட் போட்டுறவா?” என்றான். பிடுங்கிக்கொண்டேன். அன்றைக்கே இன்னொரு பென் டிரைவ் வாங்கி, அதையும் ரிமோட்டாகச் சேர்த்து அம்மாவின் பீரோவில் வைத்தாயிற்று.